ஈரத் துணியில் ஓடிய கப்பல்

"அம்மா, இந்த ஒறம்பர எப்ப ஊருக்குப் போவாங்க?"

என் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். கேள்வியில் தப்பில்லை. வந்த நாளிலிருந்து காப்பியும் கறிசோறுமாக உபசரிக்கப்படுகிற ஒரு ஆளை வேறு என்னவென்று நினைப்பாள்? ஆனால் அந்த ஒறம்பரை அவளைப் பெற்ற அப்பா. அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்து எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

என் கணவர் ரிக்கில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியைத்தான் இங்கே ரிக் என்கிறோம். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் அந்த வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. இப்போது கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. வண்டி போனால் ஆளும் போகத்தானே வேண்டும்? மகள் தவழ ஆரம்பித்த சமயத்தில் இவர் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார். அவள் தெருவில் ஓடிப் பிடித்து விளையாடும் வயதில் திரும்பி வந்தார். நடுவில் இருந்த காலமெல்லாம் அப்பா என்பவர் முழுக்க முழுக்கப் போனுக்குள் இருந்தார்.

தினமும் பொழுது சாயும் நேரத்தில் வீடியோ கால் வரும். அவர் பேசமாட்டார், கத்துவார். ரிக்கின் கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே வருஷக்கணக்காகக் கத்திக் கத்தித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. "சாமீ! சோறு உண்டீங்களா சாமீ!" என்று அங்கிருந்து அவர் மகளைக் கூப்பிட்டால் எங்கள் தெருமுனை வரை கேட்கும். "இதுக்கு எதுக்கு அக்கா போனு? சும்மா கூப்புட்டாலே கேக்குமே" என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்வாள். மகள் போனுக்கு முத்தம் கொடுப்பாள். ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கை ஒடித்துக் கண்ணாடியில் வைத்து அழுத்தி ஊட்டுவாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தப் போனைத் துடைப்பதே எனக்கு ஒரு வேலை. அப்பன் மேல் புள்ளைக்கு எத்தனை பாசம் என்று ஊரே மெச்சியது. நானும் பூரித்துப் போனேன். அந்தப் பாசமெல்லாம் போனோடு சரி என்று யாருக்கும் உறைக்கவில்லை.

அவர் வந்து இறங்கிய அன்று மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து கண்ணைக் கசக்கிப் பார்த்தால் கட்டிலோரத்தில் தாடி வைத்த ஒரு முழு ஆள். போட்டாளே ஒரு சத்தம்! தெருவில் போன முட்டை வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அப்பா வந்திருக்கறாங்க சாமி" என்று நான் சொல்லச் சொல்ல, "அப்பா போன்ல இருக்கறாங்க" என்று அலமாரியைக் கை காட்டினாள். தாடியை எடுத்துவிட்டு வந்து பார்த்தார். பொம்மை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். பொம்மையை வாங்கிக்கொண்டாள், ஆளை வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எதையும் படிப்படியாக விளக்கினால் புரிந்துவிடும் என்கிற வியாதி எனக்கு உண்டு. "ஏனுங்க, நீங்க அந்த ரூம்ல இருந்து போன் பண்ணுங்க. பேசிக்கிட்டே இங்க வாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு அவளுக்கே தெரிஞ்சு போயிரும்" என்றேன். அவரும் அடுத்த அறைக்குப் போய் அழைத்தார். போனில் அவரைக் கண்டதும் மகள் குதித்தாள். அவர் பேசியபடியே நிலைப்படியைத் தாண்டி வந்தார். அவள் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள். ஆகா, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அழைப்பைத் துண்டித்துத் தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

தீர்ந்தது கதை. அவள் கையிலிருந்த போனில் அப்பா மறைந்துவிட்டார். எதிரில் நிற்பவனோ எதையோ பைக்குள் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். "எங்கப்பாவ இந்தாளு பையில போட்டுக்கிட்டான்! குடுக்கச் சொல்லும்மா!" என்று தரையில் விழுந்து புரண்டாள். அதுவரை அவர் வெறும் வேற்று ஆள், அன்றிலிருந்து அப்பாவைத் திருடிய ஆள். அந்தத் திருட்டுப் பட்டம் தணிந்து ஒறம்பரை என்ற நிலைக்கு அவர் உயர்வதற்கே பல நாள் ஆனது.

இதற்குள் ஊர் சும்மா இருக்குமா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. "கொரல ஏத்தாதீங்க தம்பி, புள்ள மெரளுது" என்றார்கள் வந்தவர் போனவரெல்லாம். நானும் ஒத்து ஊதினேன். மனுஷன் வீட்டுக்குள் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார். இரும்பு ராடு இறங்கும் இரைச்சலையே மீறிக் குரல் கொடுக்கிறவர், குழம்பு ஊற்று என்பதைக்கூட ரகசியம் மாதிரி சொன்னார். எனக்கே அவர் யாரோ போலத்தான் இருந்தது.

லீவு தேய்ந்துகொண்டே வந்தது. கொடியில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "இந்தத் தடவ போனா வாரதுக்கு எத்தன நாளாகுமோ தெரியாது புள்ள. அப்ப அவ பள்ளிக்கொடம் போற புள்ளையாயிருவா. அதுக்கப்பறம் ஒட்டுமா? ஒறம்பரையாவே வந்து, ஒறம்பரையாவே போயிக்கிட்டிருப்பேன். ஒரே ஒருக்கா அப்பான்னு என்றகிட்ட வந்தாப் போதும். கெளம்பிருவேன்" என்றார். அழுகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. என் கையிலிருந்த துணியை வாங்கி உதறி அவரே காயப்போட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வாளியை ஓர் உதை உதைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் லாந்தர் பெட்டி கிடைத்தது. எங்களுடையது வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய பழைய பள்ளிக்கூடம். ஓடு மாற்றுவதற்காகச் சாமான் அறையைக் காலி செய்தபோது, உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்தால் உள்ளே கறுத்த தகரத்தில் ஒரு கூண்டு, அதன் தலையில் குட்டிப் புகைபோக்கி, முன்னால் பித்தளைக் குழாய், குழாய்க்குள் தடித்த கண்ணாடி. காப்பிக்கொட்டை வறுக்கிற மெஷின் என்றார் வாட்ச்மேன். பழைய சாமான் எடுக்க செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்திருந்த வியாபாரி பித்தளைக் குழாயை மட்டும் தடவிப் பார்த்து, "இத நான் எடுத்துக்கறனுங்க" என்றார். எங்கள் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, ஓடிவந்து பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "தொடாதீங்க! இது மாய லாந்தருங்க!"

சினிமா வருவதற்கு முன்னால் படம் காட்டிய பெட்டி அது. வெள்ளைக்கார ராணி காலத்தில் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் குளிர்கால மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, விளக்கைக் கொளுத்தி, கண்ணாடியில் வரைந்த படங்களைப் பெரிதாகத் துணியில் விழச் செய்வார்களாம். ஒழுங்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு அதுதான் பரிசாம். கடலே பார்க்காத பிள்ளை அன்றைக்குக் கடலைப் பார்க்கும், பாலைவனத்தைப் பார்க்கும், திமிங்கிலத்தைப் பார்க்கும். அப்படி ஒரு பெட்டி கப்பலில் வந்து இங்கேயும் படம் காட்டியிருக்கிறது. பெரிய டீச்சர் இதைச் சொல்லும்போது குழந்தை மாதிரி மூச்சு வாங்கினார். "நம்ம புள்ளைங்களுக்கும் ஒரு தடவ காட்டிப் போடலாம் டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கையில் போனோடு பிறக்கிற பிள்ளைகள், நாளெல்லாம் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிற பிள்ளைகள், இதைப் பார்த்தா வாயைப் பிளக்கப் போகிறார்கள்? வாய்விட்டே சொன்னேன். "பாக்கலாம்" என்றார் பெரிய டீச்சர். அதோடு, "உங்க ஊட்டுக்காரரு சும்மாதான இருக்கறாரு? கொண்டுபோய்க் காட்டுங்க. ரிக்கையே பிரிச்சு மாட்டறவருக்கு இதென்ன பிரமாதம்?" என்று பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. வந்த நாளிலிருந்து நான் பார்க்காத முகம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி வேட்டியில் பரப்பினார். படக் கண்ணாடிகள் மரச்சட்டத்தில் பொருத்தியவை, உள்ளங்கை அகலம்தான். நான் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அடேயப்பா! அத்தனை சின்ன இடத்தில் ஒரு பாய்மரக் கப்பல். பாயின் மடிப்பு, கயிறு, அலையின் நுரை எல்லாம் கையால் தீட்டியது. ஒற்றை மயிரால் தொட்டுத் தொட்டு வரைந்திருக்க வேண்டும். எந்த ஊர்க்காரர், எந்த ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கி வரைந்தாரோ! தூசியாக இருக்கிறதே என்று நான் ஈரத்துணியைத் தேடினேன். அவர் கையை நீட்டித் தடுத்து, "சாயம் போயிரும்" என்று கிசுகிசுத்தார். ஒவ்வொரு கண்ணாடியாக வாயால் ஊதி, பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

பழைய மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தப் பெரிய டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கூடுகிற இடத்தில் நெருப்பு வேண்டாம் என்றார். என் கணவர் லாரி பட்டறைக்குப் போய் ஒரு ஹெட்லைட் பல்பும் பேட்டரியும் வாங்கிவந்து கூண்டுக்குள் பொருத்தினார். பள்ளிக்கூடத்தில் சோதித்துப் பார்த்தபோது கப்பல் தலைகீழாக விழுந்தது. அவர் சற்றுநேரம் யோசித்துவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்துச் செருகினார். கப்பல் நிமிர்ந்தது. லென்சைத் தாண்டும்போது வெளிச்சம் புரண்டுவிடுகிறது என்பதால் படத்தைத் தலைகீழாகத்தான் போட வேண்டும். இதைப் புத்தகத்தில் வைத்து எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

விளக்கைத் துணிக்குப் பின்னால் வைப்பது என்று முடிவானது. முன்னால் வைத்தால் எங்கள் பிள்ளைகள் கையைக் காட்டும், தலையைக் காட்டும், கொம்பு முளைக்க வைக்கும். துணியை நனைத்துக் கட்டினால் பின்பக்க வெளிச்சம் ஊடுருவி முன்னால் படம் தெளிவாக விழும், அந்தக் காலத்திலும் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றார் பெரிய டீச்சர். தறிக்கார வீட்டு அம்மா ஒருவர் தறியிலிருந்து இறக்கிய வெள்ளைத் துணியை அப்படியே மடிப்போடு கொடுத்தனுப்பினார். தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் வழிந்து ஓடியது. விறைத்துக்கொண்டு நின்றதே தவிர நனையவில்லை. செய்தி கேட்டு அந்த அம்மாவே வந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க டீச்சர், பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்குது, எப்படித் தண்ணி ஏறும்? படிச்சவங்க நாலு பேரு நிக்கிறீங்க!" தொட்டியில் போட்டு நாங்கள் எல்லோரும் மிதித்து அலசினோம். தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணீராகவே வெளுத்துவிட்டது.

பின்னால் இருந்து விளக்கைப் பார்த்துக்கொள்ள என் கணவரே முன்வந்தார். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் என்னைச் சுட்டது. "பாப்பாவும் வருவாளல்லொ? என்னையப் பாத்தா அழுகும். மத்த புள்ளைங்க சந்தோசத்தையும் எதுக்குக் கெடுக்கோணும்? நான் முன்னாடியே போயி பின்னால உக்காந்துக்கறேன். நான் இருக்கறதே அவளுக்குத் தெரிய வேண்டாம்."

பொழுது சாய்ந்ததும் படம் என்று ஏற்பாடு. ஜன்னல்களை லாரித் தார்ப்பாயால் மூடினோம். ஹாலின் மேடையில் ஈரத்துணி தொங்கியது. பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், பின்னால் பெற்றோர்கள். நான் நடுவில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளக்கை அணைத்ததும் ஒரே கூச்சல். பெரிய டீச்சர் துணிக்கு முன்னால் நின்று ராணி காலத்துப் பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தார். யாருக்குக் கேட்டது? கிள்ளுவதும் சிரிப்பதுமாகச் சந்தைக்கடை. அவர் குரல் கம்மி இருமல் வந்துவிட்டது. துணிப்பக்கம் திரும்பி, "தம்பி, என்னால ஆவறதில்லீங்க. நீங்களே சொல்லிப் போடுங்க. உங்களுக்குத்தான் தொண்ட இருக்குது!" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

துணிக்குப் பின்னால் ஏதோ சொடுக்கிய சத்தம். கறுப்பாக இருந்த துணியில் மங்கலாக ஒரு நீலம் ஊறியது. குழாயை அவர் முன்னும் பின்னும் நகர்த்தியிருக்க வேண்டும். நீலம் கூர்மையானது. திடீரென்று அந்த ஹாலின் மேடை முழுக்கக் கடல் நின்றது. கூரை உயரத்துக்கு அலை. அலையின் மேல் அந்தக் கப்பல். என் உள்ளங்கைக்குள் அடங்கிய கப்பல், பாய் புடைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது.

கூச்சல் நின்றது. யாரும் அதட்டவில்லை, தானாக நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. போனில் கடலை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ராமேஸ்வரம் போய் நேரிலும் பார்த்திருக்கிறேன். இது அதெல்லாம் இல்லை. இருட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே வெளிச்சத்தை அண்ணாந்து பார்க்கிறோம். ஈரத்துணி மெல்ல அசைய அலையும் அசைகிறது. துணியின் கீழ்விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேடையில் விழுந்தது. முன்வரிசையில் ஒரு குட்டி, "டீச்சர், கடல் ஒழுகுது!" என்றது. யாரும் சிரிக்கவில்லை. ஒழுகத்தானே செய்தது?

அப்போது துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மைக் கிடையாது. ஹால் கடைசிவரை கேட்க வேண்டும். கம்ப்ரசரை மீறிக் கத்துகிற அந்தக் குரலை, இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அமுக்கி வைத்திருந்த குரலை, அவர் முழுசாகத் திறந்தார்.

"சாமிகளா! இது கப்பலுங்க சாமீ! நடுக்கடல்ல போவுது, பாத்துக்கங்க! நம்மூரு ரிக் வண்டி, அத்தா தண்டி வண்டி, அதையும் ஒரு கப்பல்லதான் ஏத்தி உடுவாங்க! எத்தன நாளானாலும் சுத்திலும் தண்ணிதான்! ஆனா குடிக்க ஒரு வாய் ஆவாது, அத்தனையும் உப்பு!"

மடியில் இருந்த மகளின் உடம்பு விறைத்தது. அழப்போகிறாள் என்று நான் அவள் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அப்பா" என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை. துணியைப் பார்த்துச் சொன்னாள். மடியிலிருந்து இறங்கினாள். உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கையை மிதித்து, காலை மிதித்து, "ஆ, டீச்சர்!" என்ற முனகல்களுக்கு நடுவே நேராக மேடைக்குப் போனாள். பிடிக்கலாமென்று எழுந்தேன். பெரிய டீச்சர் இருட்டில் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மகள் படியேறித் துணிக்கு முன்னால் நின்றாள். அந்தக் கடலில் அவள் உயரம் அலையின் அடிவாரம்தான். உள்ளங்கையைத் துணியில் வைத்தாள். ஈரம் பட்டதும் எடுத்துப் பார்த்துக்கொண்டாள். பின்னால் குரல் இன்னும் கடலைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் குனிந்தாள், விளிம்பைத் தூக்கினாள், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்துவிட்டாள்.

அடுத்து நாங்கள் பார்த்ததை எந்தக் காலத்துப் பிள்ளைகளும் பார்த்திருக்க மாட்டார்கள். கப்பலின் நடுவே ஒரு குழந்தையின் நிழல் எழுந்தது. சொட்டும் தலைமுடி, உப்பிய கவுன். "பாப்பா கப்பல்ல ஏறிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். அவள் விளக்கை நோக்கி நடக்க நடக்க நிழல் வளர்ந்தது. கப்பலை மூடியது, பாயை மூடியது, அலையை மூடியது. கடைசியில் துணி முழுக்க அவளே நின்றாள். என் குழந்தை கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். ஹாலே வாய் பிளந்து பார்த்தது. பிறகு நிழல் ஓரமாக விலகியது. மறுபடி வெறும் கப்பல். குரல் நின்றுபோயிருந்தது.

நான் அலறலுக்காகக் காத்திருந்தேன். இப்போது கத்தினாள் என்றால் அந்த மனுஷன் அவ்வளவுதான், இனி எந்தக் காலத்திலும் அவள் பக்கம் போகமாட்டார். கடவுளே, கத்தாதே சாமி, கத்தாதே என்று வேண்டிக்கொண்டேன். கப்பல் அசையாமல் நின்றது. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

கப்பல் சட்டென்று பக்கவாட்டில் நழுவிப் போனது. ஒரு கணம் வெறும் வெள்ளை வெளிச்சம். அதன்பின் ஒரு ஒட்டகம் வந்து நின்றது. நான்கு காலையும் ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு, திமில் தரையில் முட்ட, தலைகீழாக நின்றது. ஹால் வெடித்துச் சிரித்தது. சிரிப்பை மீறி அந்தக் குரல் வந்தது. நடுங்கிக்கொண்டு வந்தது, ஆனால் உரக்கத்தான் வந்தது.

"யாருங்க சாமி போட்டது? நீங்களா?"

"நாந்தான்."

"தலைகீழா நிக்குதுங்களே சாமி!"

"நிக்கட்டும்பா."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த பையன் பயந்துபோய், "டீச்சர், ஒட்டகம் உழுந்துருமுன்னு அழுவுறீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதன்பின் வந்த படங்களில் பாதி தலைகீழ். பனிமலை தொங்கியது. திமிங்கிலம் மல்லாந்தது. யாரும் திருத்தச் சொல்லவில்லை. கடைசியாக ஒரு கைப்பிடி வைத்த கண்ணாடி வந்தது. அதில் படம் கிடையாது, வட்டவட்டமாக நிறம் மட்டும்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள், கைப்பிடியைச் சுற்றினால் எதிரெதிராகச் சுழலும். "சுத்துங்க சாமி, மெதுவா" என்ற குரல் கேட்டது. துணியின் நடுவிலிருந்து சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மலர்ந்து, விரிந்து, விளிம்புக்கு ஓடி மறைந்து, மறுபடியும் நடுவிலிருந்து பிறந்தன. பிள்ளைகளின் முகத்திலெல்லாம் அந்த நிறம் ஓடியது. பேட்டரி இறங்கி வெளிச்சம் தேன் நிறமாக மங்கும்வரை அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். ரீல்ஸ் பார்க்கிற பிள்ளைகள் என்று நான் சொன்னேனே, அவர்களில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. விளக்கு முழுக்க அணைந்தபிறகும் இருட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

துணியை விலக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் தொடை மேல் ஏறி நின்று, சூடு ஆறாத தகரக் கூண்டைத் தொடாமல் ஊதிக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா இங்கதான் இருக்கறாங்க" என்று என்னிடம் சொன்னாள், எனக்கு என்னவோ தெரியாத மாதிரி.

லீவில் மிச்சமிருந்த கொஞ்ச நாளும் அவர் வீட்டில் கத்தியே பேசினார். ஊர் உபதேசத்துக்கு வந்தால் நானே வாசலில் நின்று விரட்டினேன். மகள் அவரைக் குளிக்கக்கூட விடவில்லை, கதவைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

அவர் கிளம்புகிற அன்று காலையில் கார் வாசலில் வந்து நின்றது. அவருடைய துணிப்பெட்டியை ஏற்றியதும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் காலைக் கட்டிக்கொண்டு, "போவாதீங்கப்பா, போவாதீங்கப்பா" என்று அழுதாள். தெருவே வெளியே வந்து பார்த்தது. எத்தனை பிரித்தாலும் கை விடவில்லை. ஒருவழியாகப் பிரித்து நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் தோளைக் கடித்தாள். அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அவளையே பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. பரிசு வாங்கிய பையன்கூட அப்படி நிற்கமாட்டான்.

"உடு புள்ள, அழுகட்டும்" என்றார் என்னிடம். "எத்தன வருசமா இந்த வாசல்ல இருந்து கெளம்பறேன். எனக்குன்னு ஒரு சீவன் அழுகறது இன்னிக்குத்தான் புள்ள."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! தோளில் கடித்த வலி வேறு. "ஓ! அப்ப நானு? ஒவ்வொரு தடவையும் நீங்க கெளம்புன பொறவு அடுப்படியில உக்காந்து அழுதனே, அது எந்தக் கணக்குல சேத்தி?" என்று தெரு கேட்கக் கத்திவிட்டேன்.

அவர் காருக்குள் வைத்த காலை எடுத்துவிட்டார். "நீயா? நீ அழுவியா?" என்றார். "நீ எப்பவும் சண்டையல்லொ புடிப்ப? நான் போனாப் போதும்னு நீ இருக்கறதா நெனச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் வண்டியேறுவேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். "சித்த இருங்க, வாரேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி வந்தார்.